வாட்டர் பம்ப் மாற்றிய பிறகும் குறைந்துகொண்டே வந்த கூலன்ட்

எங்கள் வண்டியின் ரிசர்வ் டேங்கில், எஞ்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் அளவு ஆறு வாரங்களாக ஒரு நூல் அளவுகூட இறங்கவில்லை. அதே ஆறு வாரங்களில் ரேடியேட்டரிலிருந்து ஏறத்தாழ எழுநூறு மில்லி கூலன்ட் காணாமல் போயிருந்தது. இவை இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. புரிந்த பிறகுதான், கசிவு எந்த இடத்தில் என்று தேடுவதற்கு முன்பே அது எந்த நேரத்தில் நிகழ்கிறது என்று பார்த்திருக்க வேண்டும் என்பது உறைத்தது.

நாங்கள் இருப்பது குன்னூரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில். வண்டி ஒன்பது வயதான 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக்; 82,000 கிலோமீட்டர் ஓடியது. நவம்பர் நடுவில் எண்ணெய் மாற்றக் கோவையில் வழக்கமான பணிமனைக்குக் கொண்டுபோனபோது, வாட்டர் பம்பின் அடியில் இளஞ்சிவப்பு நிறத்தில் உப்புப் பூத்தாற்போல் ஒரு படிவு இருப்பதை மெக்கானிக் காட்டினார். பம்பின் சுழல்தண்டில் தண்ணீரைத் தடுக்கும் சீலுக்கும் பேரிங்குக்கும் இடையே, சீல் தேய்ந்தால் கசியும் நீர் பேரிங்கைக் கெடுக்காமல் வெளியேறட்டும் என்று வேண்டுமென்றே ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். அந்தத் துளையைச் சுற்றித்தான் படிவு இருந்தது. ஆகவே பம்பை மாற்றியது தேவையான வேலை, அதில் எனக்கு இன்றும் ஐயம் இல்லை. புதிய பம்ப், புதிய கேஸ்கெட், புதிய பெல்ட், புதிய கூலன்ட் என்று மாலைக்குள் முடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து முதல் அறிகுறி எஞ்ஜினிலிருந்து வரவில்லை, ஹீட்டரிலிருந்து வந்தது. டிசம்பர் தொடக்கத்தில் குன்னூரில் விடியற்காலை வெப்பநிலை ஒன்பது, பத்து டிகிரிக்கு இறங்கிவிடும் என்பதால், சமவெளியில் இருப்பவர்கள் வண்டியில் இருப்பதையே மறந்துவிடும் ஹீட்டர் எங்களுக்கு அன்றாடப் பொருள். வண்டி ஓடும்போது சூடான காற்று வந்தது. பெட்ஃபோர்டு சந்திப்பில் நெரிசலில் நின்றபோது அதே ஹீட்டர் குளிர்ந்த காற்றை ஊதியது. ஆக்ஸிலரேட்டரைச் சற்று மிதித்தால் மீண்டும் சூடு. கூடவே டாஷ்போர்டுக்குப் பின்னால் குடத்தில் தண்ணீர் சரிவதுபோல் ஒரு களகள ஓசை. ஹீட்டர் கோர் (கூலன்டின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்குத் தரும் சிறு ரேடியேட்டர்) வழியாகச் செல்லும் சுற்றில் காற்று புகுந்து, வண்டி நின்றபடி எஞ்ஜின் மெல்ல ஓடும் ஐடிலில் பம்பின் வேகம் போதாமல் தண்ணீர் அங்கே ஏறவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. மறுநாள் காலை, எஞ்ஜின் முழுக்கக் குளிர்ந்திருந்தபோது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். கழுத்துவரை நிற்க வேண்டிய கூலன்ட் விரலுக்கு எட்டவில்லை. ரிசர்வ் டேங்கோ மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே, பணிமனையில் ஊற்றிய இடத்திலேயே அசையாமல் இருந்தது.

இந்த முரண்பாட்டின் காரணம் ரேடியேட்டர் மூடிக்குள் இருக்கிறது. மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. எஞ்ஜின் சூடாகிக் கூலன்ட் விரியும்போது, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தத்தை (என் வண்டியில் 1.1, அதாவது ஏறத்தாழ 108 கிலோபாஸ்கல்) தாண்டினால் பெரிய வால்வு திறந்து மிகையான கூலன்டை ரிசர்வ் டேங்குக்கு அனுப்பும். எஞ்ஜின் குளிர்ந்து கூலன்ட் சுருங்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, நடுவிலுள்ள சிறு வால்வு திறந்து, அனுப்பியதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த உறிஞ்சலுக்கு வெற்றிடம் வேண்டும். சுற்றில் எங்கேனும் ஓர் ஓட்டை இருந்தால், எஞ்ஜின் குளிரும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று எளிதாக உள்ளே வந்துவிடும். ரிசர்வ் டேங்கிலிருந்து தண்ணீரை இழுக்க வேண்டிய தேவையே எழாது. ஆகவே ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே போகும், டேங்க் மட்டும் நிறைகுடம்போல் தளும்பாமல் நிற்கும். வண்டியின் கையேடு டேங்கின் அளவை வாரந்தோறும் பார்க்கச் சொல்கிறது. நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு அது போதும், கசியும் வண்டிக்கு அது பொய்சாட்சி.

பணிமனைக்கு மூன்று முறை போனேன். முதல் முறை அவர்கள் சொன்னது ஏற்கத்தக்கதாகவே இருந்தது. “புதுசா ஊத்துனா உள்ள இருக்கற காத்து மெல்ல மெல்லத்தானுங்க சார் வெளிய வரும், அந்த எடத்துக்குத் தண்ணி எறங்கியிருக்கும்” என்றார் மூத்த மெக்கானிக். இருநூறு மில்லி ஊற்றி அனுப்பினார். பம்ப் மாற்றிய முதல் சில நாள்களில் அப்படி இறங்குவது உண்மையில் இயல்புதான். அடுத்த இரண்டு வாரத்தில் மேலும் இருநூற்றைம்பது குறைந்தபோது பிரஷர் டெஸ்டரை மாட்டி, ஒரு பார் (100 கிலோபாஸ்கல்) அளவுக்கு அழுத்தம் ஏற்றி, கால் மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள், முள் அசையவில்லை. அடியில் படுத்துப் பார்த்தார்கள், ஈரம் இல்லை. மூடி பழையது என்று அதை மட்டும் மாற்றினார்கள். மூன்றாம் முறையும் அதே இருநூற்றைம்பது மில்லி. இம்முறை மெக்கானிக்கின் முகம் மாறிவிட்டது. “வெளிய எங்கயும் ஒழுகலைன்னா உள்ள எரிஞ்சு போகுதுன்னு அர்த்தமுங்க. ஹெட்டை எறக்கிப் பாத்தரலாம்” என்று சொல்லி, பதினெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு மதிப்பீட்டையும் எழுதிக் கொடுத்தார்.

அவர் சொன்னது கேலிக்குரிய யோசனை அல்ல. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கும் எஞ்ஜின் பிளாக்குக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு, அதாவது ஹெட் கேஸ்கெட், கெட்டுப்போனால் கூலன்ட் சிலிண்டருக்குள் போய் எரிந்து சைலன்ஸர் வழியாக ஆவியாகிவிடும். வெளியே ஒரு சொட்டும் தென்படாது. அதோடு அவர் எண்ணெய் மூடியைத் திறந்து காட்டியபோது, அதன் உட்புறத்தில் மோர் தெளித்தாற்போல் வெண்மையான பிசுக்கு இருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்ததற்கு எல்லோரும் காட்டும் அடையாளம் அது. ஆனால் மலையில் பல ஆண்டு வண்டி ஓட்டியவன் என்ற முறையில் அந்தப் பிசுக்கை மட்டும் நம்பி ஹெட்டில் கைவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கடைக்கும் பள்ளிக்கும் மூன்று, நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில், குளிர்காலத்தில், எஞ்ஜினுக்குள் படியும் ஈரம் காய்வதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறோம். அந்த ஈரம் எண்ணெய் மூடியின் குளிர்ந்த உட்புறத்தில் எண்ணெயோடு கலந்து இப்படித்தான் படியும். எண்ணெய் அளவுக்கோலை உருவிப் பார்த்தால் அதில் எண்ணெய் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது.

இருந்தாலும் ஐயத்தை நாள் கடத்தாமல் தீர்த்துக்கொள்ள, கோவையில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடமிருந்து கூலன்டில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று காட்டும் சோதனைக் கருவியை இரவல் வாங்கினேன். ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, அதில் நீலத் திரவத்தை ஊற்றி, எஞ்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டருக்குள் உள்ள காற்றை அத்திரவத்தின் வழியாக இழுக்க வேண்டும். எரிந்த வாயு சிறிதேனும் கலந்திருந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடால் நீலம் மஞ்சளாக மாறிவிடும். சோதனைக்கு முன் ரேடியேட்டரிலிருந்து கொஞ்சம் கூலன்டை எடுத்துவிட வேண்டும் என்பதை நண்பர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார், ஏனென்றால் கூலன்ட் குழாய்க்குள் ஏறினால் திரவம் கெட்டு முடிவும் பொய்யாகும். பத்து நிமிடம் இழுத்தும் நீலம் நீலமாகவே இருந்தது. நான்கு ஸ்பார்க் பிளக்குகளும் ஒரே மாதிரி வெளிர்பழுப்பு நிறத்தில் இருந்தன. கூலன்ட் புகுந்த சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவியதுபோல் இருக்கும்; அப்படி எதுவும் இல்லை. காலையில், எஞ்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகும் மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தால் இறுக்கமும் இல்லை. ஹெட் கேஸ்கெட் வழியாக வாயு புகுந்திருந்தால் இரவு முழுவதும் நின்ற பிறகும் அந்த ஹோஸ் சில சமயம் விறைத்து நிற்கும். பதினெட்டாயிரம் ரூபாய்த் தாளை மடித்துக் கையுறைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்த அந்தக் காலையில்தான் விஷயம் பிடிபட்டது. விறைப்பு இல்லை என்பது ஹெட் கேஸ்கெட்டுக்கு நற்சான்று; ஆனால் அது சற்றும் உள்வாங்காமல் இருந்ததே, அது ஏன்? நல்ல சுற்றில் இரவு குளிர்ந்தபின் ஹோஸ் லேசாகச் சப்பிப்போயிருக்க வேண்டும். மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்றை உள்ளிழுக்கும் ஓசை கேட்க வேண்டும். எனக்கு எந்த ஓசையும் கேட்கவில்லை. அப்படியானால் எஞ்ஜின் குளிரும்போது எங்கோ காற்று உள்ளே வருகிறது, அந்த வழி குளிரும்போதுதான் திறக்கிறது. பணிமனையில் நடந்த ஒவ்வொரு சோதனையும், நான் குன்னூரிலிருந்து எழுபது கிலோமீட்டர் வண்டியை ஓட்டிப்போய், எஞ்ஜின் கொதிக்கக் கொதிக்க நிற்கும்போது, கோவையின் பகல் வெயிலில் நடந்தது. கசிவு விடியற்காலையில் என் வீட்டு வாசலில் நடந்துகொண்டிருந்தது.

கையால் அழுத்தும் பிரஷர் டெஸ்டர் ஒன்றை நானே வாங்கினேன். குறைவதை அளக்கக் கால்நடை மருந்துக் கடையில் 50 மில்லி சிரிஞ்ச் ஒன்றும் வாங்கிக்கொண்டேன். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நிறுத்தி, ரேடியேட்டர் கழுத்தில் ஒரே அடையாளம் வரை நிரப்ப எத்தனை மில்லி பிடிக்கிறது என்று ஒரு பழைய பள்ளி நோட்டில் குறித்தேன். உள்ளூரில் மட்டும் ஓடிய நாள்களில், காலையிலும் மாலையிலுமாக இரண்டு முறை குளிர்ந்த எஞ்ஜினை முடுக்கியபோது, இருபது முதல் இருபத்தைந்து மில்லி குறைந்தது. ஒரு சனிக்கிழமை கோவைக்குப் போய்வந்தபோது, 140 கிலோமீட்டர் ஓடியும், பத்து மில்லிக்குமேல் குறையவில்லை. தூரத்தோடு தொடர்பில்லை, குளிர்ந்த தொடக்கங்களின் எண்ணிக்கையோடு தொடர்பு இருக்கிறது என்பதை அந்த நோட்டின் ஒரு பக்கமே சொல்லிவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நீராவி ரயில் வழியில் ஹில்குரோவில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவதை ஊரில் எல்லோரும் அழகாக ரசிக்கிறோம். காருக்கு அப்படித் தண்ணீர் பிடிக்க நேர்ந்தால் அழகு தெரிவதில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, வண்டிக்கடியில் வெள்ளை அட்டைகளை விரித்து, டெஸ்டரை மாட்டி ஒரு பாருக்கு ஏற்றினேன். மூடியின் மதிப்பைத் தாண்டி ஏற்றக் கூடாது. பலவீனமான இடத்தைக் கண்டுபிடிக்கப் போய் நல்ல இடத்தையும் கெடுத்துக்கொள்வோம். வெப்பமானி ஒன்பது டிகிரி காட்டியது. இருபது நிமிடத்தில் முள் 0.8க்கு இறங்கியது. ரேடியேட்டரிலிருந்து எஞ்ஜினுக்குத் தண்ணீர் திரும்பிவரும் கீழ் ஹோஸ், கியர்பாக்ஸ் பக்கம் உள்ள அலுமினியக் கழுத்தில் நுழையும் இடத்தில், விளிம்பில் ஒரு முத்து திரண்டு, கனத்து, அட்டையில் விழுந்தது. அதே சோதனையை எஞ்ஜினைச் சூடாக்கிச் செய்தபோது அந்த இடம் காய்ந்து கிடந்தது. சூடான உலோகத்தில் பட்டு உலர்ந்த பழைய துளிகளின் தடம்கூட ஹோஸின் நிழலில் மறைந்திருந்தது.

அந்த இடத்தில் முன்பு கம்பெனி பொருத்திய ஸ்பிரிங் கிளாம்ப் இருந்தது. ஹோஸில் அதன் அகலமான பள்ளம் இன்னும் தெரிந்தது. பம்ப் மாற்றும்போது அதைக் கழற்றிவிட்டு, திருகாணியால் இறுக்கும் குறுகலான ஸ்க்ரூ கிளாம்ப் போட்டிருந்தார்கள். பெரும்பாலானவர்கள், நானும் அதுவரை, ஸ்க்ரூ கிளாம்ப்தான் உறுதியானது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறுமாதிரி இருக்கிறது. 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியக் கழுத்து, ஒன்பது டிகிரியிலிருந்து எண்பத்தைந்துக்குச் சூடாகும்போது அதன் விட்டம் ஏறத்தாழ 0.055 மில்லிமீட்டர் கூடுகிறது. ரப்பர் அதைவிடப் பல மடங்கு விரிகிறது. எஃகுப் பட்டையோ அவ்வளவு விரிவதில்லை. ஆகவே சூட்டில் ரப்பர் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே நசுங்கி ஓரங்களில் பிதுங்குகிறது. குளிர்ந்தபின் கழுத்தும் ரப்பரும் சுருங்கிக்கொள்ள, பட்டை மட்டும் திருகிய இடத்திலேயே நிற்கிறது. தலைமயிர் கனமுள்ள இடைவெளி போதும். ஸ்பிரிங் கிளாம்ப் விரிந்தால் விரியும், சுருங்கினால் கூடவே சுருங்கும். இதில் இன்னொரு சிக்கல்: குளிர்ந்த எஞ்ஜினை முடுக்கிய முதல் ஐந்து, பத்து நிமிடங்களில் தெர்மோஸ்டாட் (எஞ்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டர் வழியை அடைத்துவைக்கும் வால்வு) மூடியிருப்பதால் கீழ் ஹோஸ் குளிர்ந்தபடியே இருக்கும், ஆனால் எஞ்ஜினுக்குள் உள்ள கூலன்ட் சூடாகி விரிவதால் சுற்று முழுவதும் அழுத்தம் ஏறிவிடும். இணைப்பு இறுகும் முன்பே அழுத்தம் வந்துவிடுகிறது. தெர்மோஸ்டாட் திறந்து சூடு பரவியதும் கசிவு தானாக நின்றுவிடுகிறது.

ஸ்க்ரூ கிளாம்பை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிடலாம் என்ற ஆசையை அடக்கிக்கொண்டு, ஹோஸைக் கழற்றி, கழுத்தில் படிந்திருந்த வெண்சாம்பலான அரிப்பை 400 எண் உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்து (நீளவாக்கில் தேய்த்தால் கீறலே கசிவுக்கு வாய்க்காலாகிவிடும்), சரியான அளவு ஸ்பிரிங் கிளாம்பைப் பழைய பள்ளத்திலேயே உட்காரவைத்தேன். அடுத்த இரண்டு வாரக் கணக்கு: அறுபது மில்லி. இருநூற்றைம்பதிலிருந்து அறுபது. பூஜ்யம் அல்ல.

இந்த இடத்தில் பலர் நின்றுவிடுவார்கள், நானும் ஏறக்குறைய நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டில், முப்பது ஆண்டு லாரி ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர், “ஒரு ஸ்பூன் மஞ்சப்பொடிய ரேடியேட்டர்ல போடு கண்ணு, அடைச்சுக்கும்” என்றார். அவர் காலத்து லாரி ரேடியேட்டர்களில், மலைப்பாதையில் உதவிக்கு ஆளில்லாத இரவில், அது பலமுறை வண்டியை ஊர்சேர்த்திருக்கும். அந்த அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊசித்துளையை அடைக்கும் பொடி, ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். குன்னூர்க் குளிரில் ஹீட்டரைப் பலிகொடுத்து அறுபது மில்லியைக் காப்பாற்றுவது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. அந்த ஹீட்டர் கோரே கசிகிறதோ என்றும் பார்த்தேன்: முன்னிருக்கைக்குக் கீழே விரிப்பு காய்ந்திருந்தது, முன்கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப்பசை போன்ற படலமும் இல்லை, இனிப்பு வாடை வண்டிக்குள் அடிக்கவில்லை. வாடை வெளியேதான், பானெட்டைத் திறக்கும்போது மட்டும்.

மெல்லிய கசிவைக் கண்ணால் தேடிப் பயனில்லை என்பதால், கூலன்டில் கலக்கும் ஒளிரும் சாயத்தையும் புறஊதா விளக்கையும் வாங்கினேன். ஏசிக்கும் எண்ணெய்க்கும் விற்கும் சாயம் எண்ணெயில் கரைவது. கூலன்டுக்குத் தண்ணீரில் கரையும் சாயம் வேண்டும், கடையில் கேட்டு வாங்க வேண்டும். சில கூலன்டுகள் தாமாகவே சற்று ஒளிரும் என்பதால் சாயம் கலக்கும் முன்பே விளக்கடித்து எஞ்ஜினைப் பார்த்து வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டிவிட்டு, இருட்டியபின் பானெட்டைத் திறந்து விளக்கடித்தபோது, கியர்பாக்ஸின் மேற்புறத்தில், எஞ்ஜினுக்குப் பின்னால், மஞ்சள்பச்சையாக ஒரு திட்டு மின்னியது. கீழ் ஹோஸின் புதிய கிளாம்ப் இருண்டு கிடந்தது. அந்த இணைப்பு நன்றாக இருக்கிறது.

திட்டு இருந்த இடத்துக்கு மேலே உள்ள எல்லா இணைப்புகளையும் ஓர் இரவு முழுக்கக் குடைந்தேன். எல்லாம் காய்ந்திருந்தன. தண்ணீர் கீழ்நோக்கி ஓடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது நேர்கீழாக ஓட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை மறந்திருந்தேன். குறுக்காகப் பொருத்திய இந்த எஞ்ஜினில் வாட்டர் பம்ப் பெல்ட் பக்கத்தில் இருக்கிறது, கியர்பாக்ஸ் மறுகோடியில். இரண்டுக்கும் இடையே எஞ்ஜினின் முதுகில், ஏறத்தாழ அரை மீட்டர் நீளத்துக்கு, திரும்பிவரும் கூலன்டைப் பம்புக்குக் கொண்டுசேர்க்கும் ஓர் எஃகுக் குழாய் ஓடுகிறது. கைப்பேசிக் கேமராவை ஒரு குச்சியில் கட்டி எஞ்ஜினுக்கும், அதைப் பயணிகள் பகுதியிலிருந்து பிரிக்கும் தடுப்பான ஃபயர்வாலுக்கும் இடையே விட்டு, விளக்கைக் கீழிருந்து பிடித்தபோது, அந்தக் குழாயின் அடிவயிற்றில் மட்டும், பாம்பு ஊர்ந்த தடம்போல், ஒரு மெல்லிய ஒளிக்கோடு தெரிந்தது. குழாய் கியர்பாக்ஸ் பக்கம் சற்றே சரிந்திருப்பதால், பம்பின் வாயில் கசிந்த நீர் குழாயைப் பிடித்துக்கொண்டே அரை மீட்டர் பயணித்து, மறுகோடியில் சொட்டியிருக்கிறது. சூடான எஞ்ஜினின் முதுகில் பாதி வழியிலேயே பெரும்பகுதி உலர்ந்தும் போயிருக்கிறது. பணிமனையில் யாருக்கும் ஈரம் தென்படாததில் வியப்பில்லை.

கூலன்டை இறக்கும் முன் ஒரு சொல்: கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய் பூனை நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். எங்கள் தெருவில் நாய்களுக்குக் குறைவில்லை என்பதால் வாசல் கதவை அடைத்து, இறக்கியதை மூடியுள்ள டப்பாவில் பிடித்து, சிந்தியதைத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே கதவைத் திறந்தேன்.

குழாயைப் பிளாக்கோடு பிடித்திருந்த தாங்கியின் போல்ட்டைக் கழற்றி, குழாயைப் பம்பின் வாயிலிருந்து மெல்ல ஆட்டி உருவியபோது, முதலில் வெளியே வந்தது சாம்பல்நிற சிலிக்கோன் பேஸ்டின் ஒரு கிழிந்த நாடா. அதற்கடியில், இணைப்பில் நீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓரிங். அது வட்டமான குறுக்குவெட்டோடு இருக்க வேண்டியது. இது ஒன்பது ஆண்டு அழுத்தத்தில் சதுரமாகிக் கடினப்பட்டு, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத நிலையில் இருந்தது. ஓரிங் தண்ணீரைத் தடுப்பது, நசுக்கப்பட்டிருக்கும்போது பழைய வடிவத்துக்குத் திரும்ப அது முயன்றுகொண்டே இருப்பதால்தான். அந்த முயற்சியை விட்டுவிட்ட ஓரிங் வெறும் வளையம். கழற்றாமல் இருந்தவரை பழைய இடத்தில் ஒட்டிக்கொண்டு எப்படியோ காலம் தள்ளியிருக்கிறது. புதிய பம்ப் வந்தபோது புதிய வாயில் வேறு கோணத்தில் உட்கார நேர்ந்ததும் அதன் குட்டு வெளிப்பட்டுவிட்டது. மெக்கானிக் அதை அறியாமல் இல்லை. அதனால்தான் பேஸ்டைப் பூசியிருக்கிறார். பம்ப் வந்த பெட்டியில் கேஸ்கெட் மட்டுமே இருக்கும், இந்த ஓரிங்குக்குத் தனி எண், தனியாக ஆர்டர் செய்ய வேண்டும், வர இரண்டு நாள் ஆகும். வாடிக்கையாளர் மாலைக்குள் மலை ஏற வேண்டும் என்று நிற்கிறார். நின்றவன் நான்தான்.

இரும்புக்கடையில் அதே அளவில் கிடைத்த ஓரிங்கை முதலில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். அவை பெரும்பாலும் எண்ணெய்க்கு ஏற்ற நைட்ரைல் ரப்பர். சூடான கூலன்டுக்கு ஈபிடிஎம் என்ற வகைதான் நீடிக்கும். அந்த ஈபிடிஎம்முக்கு நேர்மாறான குணம் ஒன்று உண்டு: எஞ்ஜின் எண்ணெயோ சாதாரண கிரீஸோ பட்டால் ஊதிப் பெருத்துவிடும். ஆகவே நாற்பத்தைந்து ரூபாய் அசல் ஓரிங்கை இரண்டு நாள் காத்திருந்து வாங்கி, பம்பின் வாயிலும் குழாயின் பள்ளத்திலும் இருந்த பேஸ்டை மரக்குச்சியால் சுரண்டி எடுத்து, வளையத்தைக் கூலன்டிலேயே நனைத்துப் பொருத்தினேன். குழாயை முழுக்க உள்ளே தள்ளி, தானாக நேராக உட்கார்ந்ததை உறுதிசெய்த பிறகே தாங்கியின் போல்ட்டைக் கையால் முடுக்கி, கடைசியாக 10 நியூட்டன்மீட்டருக்கு இறுக்கினேன். போல்ட்டை முதலில் இறுக்கிவிட்டால் குழாய் சாய்ந்து நின்று ஓரிங்கின் ஒரு பக்கத்தை மட்டும் நசுக்கும்.

கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாகக் கலந்து நிரப்பினேன். காற்றை எடுப்பதற்கு மலையூரில் ஒரு வசதி உண்டு: வீட்டுக்கு முன்னாலேயே ஏற்றம். மூக்கை மேட்டுப்பக்கம் வைத்து நிறுத்தினால் ரேடியேட்டர் வாய் சுற்றின் உச்சியாகிவிடும். ஹீட்டரை முழுச்சூட்டில் திருப்பி, மூடியைத் திறந்தபடி எஞ்ஜினை ஓடவிட்டு, குமிழ் குமிழாக வரும் காற்றுக்கேற்ப ஊற்றிக்கொண்டிருந்தேன். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். சரிபாதிக் கலவை நூற்றைத் தொட்டுத்தான் கொதிக்கும் என்றாலும், தெர்மோஸ்டாட் திறந்து கீழ் ஹோஸ் சூடேறி, ரேடியேட்டர் ஃபேன் ஒரு முறை ஓடி நின்றதும் தாமதிக்காமல் மூடியைப் போட்டுவிட்டேன். மூடி போட்டபின் அழுத்தத்தால் கொதிநிலை 120க்கு மேல் போய்விடுவதால் கவலையில்லை. சூடான மூடியைத் திறக்கவே கூடாது என்பதற்கும் அதுதான் காரணம்: திறந்த நொடியில் உள்ளே இருப்பது முழுவதும் கொதிநிலையைத் தாண்டியதாகிவிடும்.

மறுநாள் காலை, பத்து டிகிரியில், ஒரு பார் ஏற்றி இரண்டு மணி நேரம் விட்டேன். நடுவில் தேநீர் குடித்தேன், செய்தித்தாள் படித்தேன், நான்கு முறை எழுந்துபோய் முள்ளைப் பார்த்தேன். அது ஒன்றிலேயே நின்றது. எஞ்ஜினின் முதுகைக் கழுவிவிட்டதால் இரண்டு வாரம் கழித்து விளக்கடித்தபோது பின்குழாய் முழுவதும் இருட்டு. நோட்டில் முதல் வாரம் பதினைந்து மில்லி, அது எஞ்சிய காற்று. இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம்வரை வரிசையாகச் சுழி.

இப்போது ரிசர்வ் டேங்கில் அளவு அசைகிறது. கோவையிலிருந்து ஏறிவந்து நிறுத்தியதும் மேல்கோட்டை ஒட்டி நிற்கிறது. விடிந்து பார்த்தால் இரண்டு விரல்கடை இறங்கியிருக்கிறது. மேல் ஹோஸ் காலையில் லேசாகச் சப்பிக் கிடக்கிறது. குளிர்ந்த மூடியைத் திருகும்போது புஸ்ஸென்று காற்றை உள்ளிழுக்கிறது.